மலையாளின்னா கேரளா இல்லீங்க!

பதிவு கொஞ்சம் நீளம். ஆபீஸ்ல ஆணி அதிகமா இருக்கறவங்க ராத்திரி சாப்பிட்டுட்டு வந்து நிதானமா படிங்க.

சித்தேரி மலையைப் பத்தி இணையத்துல தேடிப் பாருங்க. முதல்ல பைக்ல போனவங்க எடுத்த வீடியோ வரும். வளைஞ்சு வளைஞ்சு ரோடு, மேகம், பின்னாடி ஒரு பழைய பாட்டு. அதுக்குக் கீழே வாச்சாத்தி. அதுக்குக் கீழே செம்மரம் வெட்டப் போனவங்க செய்தி. அவ்ளோதான். சரி, மலையைத் தேட வேணாம், மலையில வாழுற ஜனங்களைத் தேடுவோம்னு "மலையாளி"ன்னு தட்டினா... ஓணம் சாப்பாடு, மோகன்லால், துபாய் டீக்கடை!

தெரியாதவங்களுக்காக ஒரு வார்த்தை. தருமபுரி மாவட்டத்துல அரூருக்குப் பக்கத்துல இருக்கற மலைத்தொடர்தான் சித்தேரி. அங்கே இருக்கறவங்க மலையாளிகள். மலையை ஆள்கிறவங்கன்னு அர்த்தம். பேசுறது தமிழ். கேரளாவுக்கும் அவங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. காஞ்சிபுரத்துல இருந்து அண்ணன் தம்பி மூணு பேரு கிளம்பி வந்து ஆளுக்கு ஒரு மலையில குடியேறினதா அவங்களே ஒரு கதை சொல்லுவாங்க. சித்தேரி மட்டுமில்லாம சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை, ஜவ்வாது மலை, ஏலகிரின்னு பரவி இருக்காங்க. 2011 சென்சஸ்படி ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேர். தமிழ்நாட்டுப் பழங்குடிகள்ல இவங்கதான் பெரிய கூட்டம். அப்படிப்பட்டவங்களைப் பத்தித் தேடினா மோகன்லால் வர்றாருன்னா தப்பு மோகன்லால் மேல இல்லை.

இந்தப் பதிவு எழுதக் காரணம் என் நண்பனோட தங்கச்சி. எம்.ஏ. படிக்கிறா. சித்தேரியைப் பத்தி ப்ராஜெக்ட் பண்ணணும்னு ஆசை. அவ கைடு சொன்ன பதில்: "ரெபரன்ஸ் எதுவும் கிடைக்காதும்மா, வேற தலைப்பு எடுத்துக்கோ." அவ எனக்கு போன் பண்ணி, "அண்ணா, நீங்க கம்ப்யூட்டர்லதானே இருக்கீங்க, கொஞ்சம் தேடிக் குடுங்களேன்"னா. பொட்டி தட்டுறவனுக்கு எல்லாமே தெரியும்ங்கறது நம்ம ஊர்ல ஒரு நம்பிக்கை. சரின்னு ரெண்டு மாசம் சனி ஞாயிறு உக்காந்தேன்.

தேடி முடிச்சப்போ எனக்குக் கிடைச்ச முடிவை முதல்லயே சொல்லிடறேன். "எல்லாமே நெட்ல இருக்கு"ங்கறது பொய். "எதுவுமே இல்லை"ங்கறதும் பொய். இருக்கு, ஆனா வேற ஆளோட பேர்ல, வேற ஊரோட பேர்ல, வேற பாடத்தோட பேர்ல இருக்கு. நம்ம கிட்ட இல்லாதது விஷயம் இல்லை. அந்த விஷயம் எந்த அலமாரியில இருக்குன்னு சொல்ற ஒரு வழிகாட்டிப் பட்டியல். அதை யாராவது செஞ்சே ஆகணும்ங்கறதுதான் என் வாதம்.

1. ஊர் பேரு

சித்தேரிங்கற பேரை ஆங்கிலத்துல ஒருத்தர் 'எஸ்'ல ஆரம்பிப்பார், இன்னொருத்தர் 'சி ஹெச்'ல ஆரம்பிப்பார். நடுவுல ஒரு 'டி'யா ரெண்டு 'டி'யா, 'ஹெச்' உண்டா இல்லையா, அது எழுதுறவர் இஷ்டம். வெள்ளைக்காரன் காலத்துப் புத்தகங்கள்ல பெரும்பாலும் "சிட்டேரி"ன்னு படிக்கிற மாதிரி 'சி ஹெச்'தான். இன்னைக்கு பஸ் போர்டுல, செய்தியில 'எஸ்'. நீங்க ஒண்ணை மட்டும் தட்டினா மத்தது வராது. ப்ரோக்ராம் எழுதுறவங்களுக்கு இது புரியும். ஸ்ட்ரிங் மேட்ச் ஆகலைன்னா டேட்டா இல்லைன்னு அர்த்தம் இல்லையே!

2. மாவட்டம்

இது அதைவிடப் பெரிய குழி. தருமபுரி மாவட்டம் பொறந்தது 1965 அக்டோபர் 2. அதுக்கு முன்னாடி எல்லாம் சேலம். ஆக 1965க்கு முன்னாடி நடந்த எதையாவது "தருமபுரி"ன்னு போட்டுத் தேடினா கையை விரிச்சிடும். சேலம்னு தேடணும். அதுக்கும் பின்னாடி போகணும்னா "பாரமகால்"னு தேடணும். 1792ல திப்பு சுல்தான் கிட்ட இருந்து கம்பெனிக்காரன் கைக்கு வந்த பகுதி அது. கர்னல் ரீடும், அவருக்குக் கீழே இருந்த தாமஸ் மன்றோவும் நிலம் அளந்து கணக்கு எழுதினது இங்கேதான். அந்தக் கணக்கெல்லாம் பின்னாடி "பாரமகால் ரெக்கார்ட்ஸ்"னு பகுதி பகுதியா அச்சாச்சு.

இன்னொண்ணு. மலைக்கு மாவட்ட எல்லை தெரியாது. சித்தேரியில பொண்ணு குடுத்து கல்வராயன் மலையில மாப்பிள்ளை எடுப்பாங்க. கல்வராயன் மலையில பெரும்பகுதி இன்னைக்கு கள்ளக்குறிச்சி மாவட்டம், முந்தி விழுப்புரம், அதுக்கும் முந்தி தென்னாற்காடு. ஜவ்வாது மலை வடஆற்காடு. பச்சைமலை திருச்சிராப்பள்ளி. ஒரே ஜனங்களைப் பத்தின செய்தி நாலஞ்சு மாவட்டப் புத்தகத்துல சிதறிக் கிடக்கு.

3. சரி, எங்கே இருக்கு?

நான் பார்த்ததுல உருப்படியானதைச் சொல்றேன். எல்லாமே வாசிக்கக் கிடைக்கிறவைதான்.

முதல்ல லெ ஃபானு எழுதின சேலம் மாவட்ட மேனுவல், 1883, ரெண்டு தொகுதி. அடுத்தது ரிச்சர்ட்ஸ் எழுதின சேலம் கெஜட்டியர், 1918. மலைகள், ஜாதிகள், காடு, வரின்னு தனித்தனியா இருக்கும். தென்னாற்காட்டுக்கு பிரான்சிஸ் 1906ல எழுதினது, திருச்சிக்கு ஹெமிங்வே 1907ல எழுதினது. (அந்த ஹெமிங்வே இல்லீங்க, இவர் வேற.) இதுல பலதும் ஆர்க்கைவ் தளத்துல ஸ்கேன் பண்ணி வெச்சிருக்காங்க. ஆனா ஸ்கேன்ல எழுத்து உடைஞ்சு போயிருக்கறதால உள்ளே தேடினா சிக்காது. கடைசிப் பக்கத்துல இருக்கற இன்டெக்ஸைக் கண்ணால பார்க்கணும். தமிழ்நாடு அரசும் பிற்காலத்துல தருமபுரிக்குத் தனியா ஒரு கெஜட்டியர் போட்டிருக்கு, அதையும் விடாதீங்க.

அப்புறம் எட்கர் தர்ஸ்டன். ரங்காச்சாரியோட சேர்ந்து 1909ல ஏழு தொகுதியா போட்ட தென்னிந்திய ஜாதிகள், பழங்குடிகள் புத்தகம். நாலாவது தொகுதியில மலையாளிகள் வர்றாங்க. குட்டன்பெர்க் தளத்துல சும்மாவே படிக்கலாம். தமிழ்ல வேணும்னா தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகம் க. ரத்னம் மொழிபெயர்ப்புல "தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்"னு கொண்டு வந்திருக்கு. ஒரு எச்சரிக்கை: தர்ஸ்டன்ல இருக்கறதுல நிறைய பழைய மேனுவல்கள்ல இருந்து எடுத்தது. ரெண்டையும் ரெண்டு தனித்தனி ஆதாரம்னு எண்ணக் கூடாது. காப்பி பேஸ்ட் அந்தக் காலத்துலயும் இருந்தது!

சுதந்திரத்துக்கு அப்புறம் பார்த்தா, ஐயப்பன் 1948ல சென்னை மாகாணப் பழங்குடிகளோட நிலைமையைப் பத்திக் கொடுத்த அறிக்கை. 1961 சென்சஸ் நடந்தப்போ ஊர் ஊரா போய் எழுதின கிராம ஆய்வுப் புத்தகங்கள் (வீட்டு வரைபடம், கல்யாணச் செலவு உட்பட எல்லாம் இருக்கும்). இந்திய மானிடவியல் அளவீட்டுத் துறையோட "பீப்பிள் ஆஃப் இந்தியா" வரிசையில தமிழ்நாட்டுக்கு 1997ல மூணு பாகம். ஊட்டி பக்கத்துல முத்தோரை பாலாடாவுல இருக்கற பழங்குடியினர் ஆய்வு மையத்தோட அறிக்கைகள். வேலாயுதம் சரவணன் இந்தப் பக்கத்து மலைகளோட காடு, நிலம், பழங்குடி உரிமை பத்தி வருஷக்கணக்கா எழுதினதை 2018ல புத்தகமா கொண்டு வந்திருக்கார். அவர் அடிக்குறிப்புகளைப் பின்தொடர்ந்தாலே எழும்பூர் ஆவணக் காப்பகத்துல எந்தக் கட்டைக் கேட்கணும்னு தெரிஞ்சுடும். பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா தளம்.

இதெல்லாம் முன்வாசல். எனக்கு ரொம்பப் பிடிச்சது பின்வாசல். அது தாவரவியல்! மலையாளிகளைப் பத்திச் சமூகவியல்காரங்க எழுதினதைவிட அவங்க மருந்துச் செடிகளைப் பத்தி பாட்டனிக்காரங்க எழுதினது அதிகம். ஒவ்வொரு கட்டுரையிலும் செடியோட உள்ளூர்ப் பேரு, எந்த நோவுக்கு எப்படி அரைச்சுக் குடுப்பாங்க, எல்லாம் இருக்கு. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில ரேபினாட் ஹெர்பேரியத்தைத் தொடங்கி வெச்ச பாதிரியார் கே.எம். மேத்யூ 1980கள்ல "தமிழ்நாடு கர்நாடிக்" தாவரங்களைப் பத்திப் பெரிய பெரிய தொகுதிகள் போட்டார். மனுஷங்களைத் தேடிக் கிடைக்காதப்போ அவங்க பறிச்ச இலையைத் தேடினா ஆள் சிக்குறாங்க. ஆனா எந்த நூலகத்துலயும் இதைப் "பழங்குடி" அலமாரியில வெச்சிருக்க மாட்டாங்க.

இன்னொரு பின்வாசல் கோர்ட்டு. மலையடிவாரத்துல இருக்கற வாச்சாத்தி. 1992 ஜூன் 20ல வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆளுங்க ஊருக்குள்ள புகுந்து பண்ணின அக்கிரமம் உங்க எல்லாருக்கும் தெரியும். குற்றம் சாட்டப்பட்டவங்க 269 பேர். 2011 செப்டம்பர் 29ல தருமபுரி கோர்ட்டு அத்தனை பேரும் குற்றவாளின்னு சொன்னது. அதுக்குள்ள 54 பேர் செத்துப் போயிருந்தாங்க, மிச்சம் 215 பேருக்குத் தண்டனை. 2023 செப்டம்பர் 29ல சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செஞ்சது. இதை எல்லாரும் செய்தியா படிச்சிருப்போம். நான் சொல்ல வர்றது வேற. இந்த மலையாளி ஜனங்களோட வார்த்தை, சர்க்கார் காகிதத்துல அவங்க வாயால சொன்னபடி இவ்வளவு விரிவா பதிவானது இந்த மாதிரி வழக்குலதான். கெஜட்டியர்ல எழுதினவன் பேசுறான். சாட்சிக் கூண்டுல ஊர்க்காரங்க பேசுறாங்க. தீர்ப்பை ஒரு ஆவணமாவும் படிக்கணும்.

4. இதுக்கெல்லாம் இவ்ளோ மெனக்கெடணுமா?

"எம்.ஏ. பொண்ணு ஒருத்திக்கு ரெபரன்ஸ் கிடைக்கலைன்னா உலகம் இடிஞ்சு போயிடுமா?"ன்னு என் ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்விதான். இடியாது. ஆனா இந்தப் புத்தகம் எல்லாம் வெறும் படிப்பு விஷயம் இல்லை.

2006ல வந்த வன உரிமைச் சட்டம் ஞாபகம் இருக்கா? காட்டு நிலத்துல காலங்காலமா பயிர் பண்றவங்களுக்கு உரிமை குடுக்கற சட்டம். 2005 டிசம்பர் 13க்கு முன்னாடியே அங்கே இருந்தோம்னு காட்டணும். எதை வெச்சுக் காட்டறது? 2008ல வந்த விதிகள்ல 13வது விதி ஒரு பட்டியலே குடுக்குது. கெஜட்டியர், சென்சஸ், சர்வே செட்டில்மென்ட் அறிக்கை, வரைபடம், வனத்துறையோட வொர்க்கிங் பிளான், மானிடவியல் அளவீட்டுத் துறை மாதிரி நிறுவனங்களோட ஆய்வு... மேல நான் சொன்ன லிஸ்டைத் திரும்பப் பாருங்க. அப்படியே இருக்கா? நூலகத்துல தூசு படிஞ்ச புத்தகம், மலையில ஒருத்தருக்குப் பட்டா கேட்கற ஆதாரம். அதே விதியில ஊர்ப் பெரியவங்க வாய்மொழியா சொல்றதை எழுத்துல வாங்கினாலும் ஆதாரம்னு இருக்கு. ஒண்ணுக்கு மேற்பட்ட ஆதாரம் வேணும். பெரியவர் வாக்குமூலம் ஒண்ணு, புத்தகத்துல ஒரு பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு சேர்ந்தா மனு நிமிர்ந்து நிற்கும்.

அடுத்தது ஜாதி சர்டிபிகேட். எஸ்.டி. பட்டியல்ல மலையாளின்னு சும்மா எழுதலை. தருமபுரி, வடஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்கள்ல இருக்கற மலையாளின்னு எழுதியிருக்கு. மாவட்டம் போட்டு அடைச்சது கேரளா மலையாளிகளோட குழப்பம் வரக் கூடாதுன்னு இருக்கலாம்னு நான் நினைக்கிறேன். ஆனா விளைவைப் பாருங்க. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில இருக்கற மலையாளிகள் பட்டியலுக்கு வெளியே நிக்கறாங்க. எங்களையும் சேருங்கன்னு நெடுங்காலமா கேட்டுட்டு இருக்காங்க. அவங்களும் இவங்களும் ஒரே ஜனங்கதான்னு எதை வெச்சு நிரூபிக்கறது? பழைய சென்சஸ், பழைய மேனுவல், ஆய்வறிக்கை. இதே சமயம் பேருக்குப் பின்னாடி "கவுண்டர்"னு போட்டுக்கற வழக்கம் இருக்கறதால பட்டியலுக்குள்ள இருக்கற மாவட்டத்துலயும் பத்திரத்துல ஒரு மாதிரி, பள்ளிக்கூட டி.சி.யில ஒரு மாதிரின்னு இருக்கும். எஸ்.டி. சர்டிபிகேட் கையெழுத்துப் போடறது ஆர்.டி.ஓ. அவர் மேசைக்குப் போற பையன் கையில ஒரு நல்ல ஆவண நகல் இருக்கறதுக்கும் இல்லாததுக்கும் உள்ள வித்தியாசம், காலேஜ் சீட்டு!

இப்ப சொல்லுங்க, "ரெபரன்ஸ் கிடைக்காது"ங்கறது ஒரு பொண்ணோட ப்ராஜெக்ட் பிரச்சினை மட்டுமா?

5. மலையிலயும் பணக்கார மலை, ஏழை மலை உண்டு

நீலகிரியை எடுத்துக்கோங்க. வெள்ளைக்காரனுக்கு வெயில் காலத் தலைநகரம். அதனால தோடர்களைப் பத்தி ரிவர்ஸ் 1906லயே முழுப் புத்தகம் போட்டுட்டார். பால் ஹாக்கிங்ஸ்னு ஒரு மானிடவியல் பேராசிரியர் 1978ல நீலகிரியைப் பத்தி என்னென்ன புத்தகம், கட்டுரை இருக்குன்னு பட்டியல் போடறதுக்கே ஒரு தனிப் புத்தகம் எழுதினார். அப்புறம் 2012ல நீலகிரிக்குக் கலைக்களஞ்சியமே வந்துடுச்சு. நீலகிரியைப் படிக்க வர்ற மாணவன் அந்தப் பட்டியலைப் பிடிச்சான்னா ஒரு வருஷ வேலை மிச்சம். சித்தேரிக்கு அப்படி ஒண்ணு என் கண்ணுல பட்டதே இல்லை. தோடர்களைவிட மலையாளிகள் எண்ணிக்கையில எத்தனையோ மடங்கு. ஆனா எண்ணிக்கையை வெச்சு யாரும் பட்டியல் போடறதில்லை. கலெக்டர் துரை எங்கே குளிர் காய்ஞ்சாரோ அங்கே பட்டியல் வந்துச்சு.

இந்தத் தலைவலி நமக்கு மட்டும்தானான்னு பார்த்தேன். இல்லை. அமெரிக்காவுல ஸ்பானிஷ் பேசுற வம்சாவளியைப் படிக்கறவங்களுக்கும் இதே கதைதான். 1930 சென்சஸ்ல "மெக்சிகன்"ங்கறதை ஒரு இனமாவே எழுதினாங்க. அடுத்த சென்சஸ்ல அதைத் தூக்கிட்டாங்க. அப்புறம் கொஞ்ச காலம் குடும்பப் பேரு ஸ்பானிஷ் பேரான்னு பார்த்து எண்ணினாங்க. 1980ல எல்லார் கிட்டயும் "ஹிஸ்பானிக்"கான்னு கேட்டாங்க. 2000ல "லத்தீனோ" வந்து ஒட்டிக்கிச்சு. ஒரே பாட்டியும் பேத்தியும் நாலு சென்சஸ்ல நாலு பேர்ல இருப்பாங்க! நம்ம மலையாளி, கவுண்டர், சேலம், தருமபுரி கதை மாதிரியே இல்லை?

அவங்க என்ன பண்ணினாங்கங்கறதுதான் நமக்குப் பாடம். லத்தீன் அமெரிக்காவைப் பத்தி அந்தந்த வருஷம் வந்த நல்ல புத்தகம், கட்டுரையெல்லாம் பொறுக்கி, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வரி குறிப்பு எழுதி ஒரு கையேடு 1936ல ஆரம்பிச்சாங்க. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைத் தலைமுறை தலைமுறையா நடத்திட்டு வருது. ஆனா அது எல்லை தாண்டி இருக்கற நாடுகளைப் பத்தினது. தங்க ஊருக்குள்ளயே இருக்கற சிக்கானோ மக்களோட பத்திரிகைகளைப் பெரிய இன்டெக்ஸ்காரங்க கண்டுக்கவே இல்லை. அதனால பெர்க்லி சிக்கானோ நூலகத்து ஆளுங்க கூடி உக்காந்து தங்க பத்திரிகைகளுக்குத் தாங்களே இன்டெக்ஸ் போட்டு 1981ல முதல் தொகுதியை வெளியிட்டாங்க. நூலக உலகம் வெச்சிருந்த தலைப்புச் சொற்கள் தங்களுக்குப் பொருந்தலைன்னு சொற்பட்டியலையும் தாங்களே செஞ்சாங்க. எங்களை எந்தப் பேர்ல தேடணும்னு நாங்கதான் சொல்லுவோம்னு நின்னாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது.

6. "ஏஐ கிட்ட கேளு பாஸ்"

இந்த பதில் வரும்னு தெரியும். கேளுங்க, தப்பில்லை. ஆனா ஒரே பேர்ல ரெண்டு ஜனங்க இருந்தா, நிறைய எழுதப்பட்ட ஜனங்க பக்கம்தான் அது சாயும். ஆதாரம் குடுன்னா அழகா ஒரு புத்தகப் பேரு, பக்க எண்ணோட சொல்லும். போய்ப் பார்த்தா அப்படி ஒரு புத்தகமே இருக்காது. ஆர்.டி.ஓ. முன்னாடி அதை வெச்சு என்ன பண்றது? மெஷினுக்கும் நல்ல பட்டியல் வேணும். அதை மனுஷன்தான் செய்யணும். நம்ம தொழில்ல சொல்ற மாதிரி, குப்பையைப் போட்டா குப்பைதான் வரும்.

அதோட இன்னொரு விஷயத்தையும் மனசுல வெச்சுக்கணும். நான் மேல குடுத்த புத்தகங்கள்ல பாதி, வரி வசூல் பண்ண வந்தவன் எழுதினது. அவனுக்கு ஜனங்க ஒரு "இனம்", காடு ஒரு வருமானம். 1882 மதராஸ் வனச் சட்டத்துக்கு அப்புறம் காட்டை அளந்து ரிசர்வ்னு பிரிச்ச காகிதங்கள்ல யாரு எங்கே விவசாயம் பண்ணினாங்கங்கற தகவல் கிடைக்கலாம். ஆனா அவங்களை ஆக்கிரமிப்பாளர்னு எழுதியிருந்தாலும் ஆச்சரியப்படக் கூடாது. செய்தித்தாளும் அப்படித்தான். 2015 ஏப்ரல் 7ல சேஷாசலம் காட்டுல 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்னப்போ செத்தவங்கள்ல சித்தேரி மலைக் கிராமத்து ஆளுங்களும் இருந்தாங்க. அன்னைக்குத்தான் பல பேருக்கு இந்த மலைப் பேரே தெரிஞ்சது. நாளைக்கு ஒரு மாணவன் பத்திரிகைக் கோப்பை மட்டும் புரட்டினா, இந்த மலையில மரம் வெட்டறதைத் தவிர வேற எதுவுமே நடக்கலைன்னு எழுதிடுவான். சாமை விதைச்சது, மாரியம்மனுக்குப் பொங்கல் வெச்சது, பிரசவத்துக்கு ஆளைக் கட்டில்ல தூக்கிட்டு இறங்கினது எதுவும் அந்தக் கோப்புல இருக்காது.

அதனால பட்டியல் போடறப்போ ஒவ்வொரு ஆதாரத்துக்கும் பக்கத்துல "இதை எழுதினது யாரு, எதுக்காக எழுதினாங்க"ன்னு ஒரு வரி சேர்க்கணும். அந்த ஒரு வரி இல்லாத பட்டியல் பாதிப் பட்டியல்தான்.

7. நாம என்ன பண்ணலாம்?

பல்கலைக்கழகம் செய்யட்டும், அரசாங்கம் செய்யட்டும்னு உக்காந்திருக்க வேணாம்ங்கறது என் கட்சி. அவங்க செஞ்சா சந்தோஷம். ஆனா இதுக்கு முனைவர் பட்டம் தேவையில்லை. பொறுமையும் ஒழுங்கும் போதும். டேட்டாவை ஒழுங்கா அடுக்கற வேலையைத்தானே நாம சம்பளத்துக்குச் செய்யறோம்?

நான் செஞ்சது இவ்வளவுதான். ஒரு எக்ஸெல் ஷீட். முதல் கட்டம்: புத்தகம் அல்லது ஆவணத்தோட பேரு, வருஷம். ரெண்டாவது: எந்தப் பக்கம். மூணாவது: ஊரையும் ஜனங்களையும் அதுல எந்த எழுத்துக்கூட்டல்ல எழுதியிருக்கு. நாலாவது: எங்கே கிடைக்கும், ஸ்கேனா அச்சா. அஞ்சாவது: எழுதினது யாரு, எதுக்கு. ஆறாவது: தமிழ்ல ரெண்டு வரி சுருக்கம். இந்த ஆறாவது கட்டம்தான் முக்கியம். ஏன்னா இதுல பெரும்பகுதி ஆங்கிலம். யாரைப் பத்தி எழுதியிருக்கோ அவங்களால படிக்க முடியாத ஆவணம் அவங்களுக்கு இருந்தும் இல்லாத மாதிரிதான். இதுவரைக்கும் நாப்பத்தி சொச்சம் வரி ஆச்சு. அந்தப் பொண்ணு தலைப்பை மாத்தலை. பட்டியலோட ஒரு பிரிண்ட் அவ ஊர்ல இருக்கற வாத்தியார் கிட்டயும் இருக்கு.

உங்களுக்கும் ஒரு மலை இருக்கும். மலை இல்லைன்னா ஒரு தீவு, ஒரு தெரு, ஒரு கைத்தொழில், ஒரு சின்ன ஜாதி, உங்க பாட்டி பேசின ஒரு பாஷை. அதைப் பத்தி உணர்ச்சி பொங்க ஒரு பதிவு எழுதறது நல்லதுதான். நானும் எழுதியிருக்கேன். ஆனா அதோட சேர்த்து "இதைப் பத்தி மேலும் தேடறவங்க எங்கே போகணும், எந்தப் பேர்ல தேடணும்"னு பத்து வரி எழுதி வைங்க. உங்க கவிதையை நாளைக்கு யாரும் படிக்காம போகலாம். அந்தப் பத்து வரி யாரோ ஒரு பையனுக்கு ஆபீஸ் மேசை முன்னாடி உதவும்.

டிஸ்கி 1: தாவரவியல் கட்டுரைகளை யாராவது பாட்டனி படிச்சவங்க சரிபார்த்துக் குடுத்தா புண்ணியமா போகும். எனக்குத் துளசியையே வாசனை வெச்சுத்தான் தெரியும்.

டிஸ்கி 2: 1961 சென்சஸ் கிராமப் புத்தகங்கள் அச்சுல யார் வீட்டுலயாவது பரண்ல கிடந்தா பழைய பேப்பர் கடைக்குப் போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்க. வந்து எடுத்துக்கறேன். பஸ் செலவு என்னோடது.